குமராட்சியில் நிபுணராக விளங்குவது எப்படி?

பட்டம் வாங்கியாயிற்று, வேலையும் கிடைத்தாயிற்று. இனி ஓர் ஊருக்குப் போய், அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மண்ணியல், பூச்சியியல், நீரியல் எல்லாம் நடத்தும் கல்லூரிகள் இந்தக் கடைசி வித்தையை மட்டும் பாடத்திட்டத்தில் வைப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கையேடு. பயிற்சிக் களமாகக் குமராட்சியை எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்தில் காட்டுமன்னார்கோவில் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர், ஒன்றியத் தலைமையிடம். மேற்கே வீராணம், தெற்கே கொள்ளிடம். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஆடி அசைந்து கடைசியாக வந்து சேரும் கடைமடை. வெள்ளம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் முதலில் வந்துவிடும். நிபுணருக்கு இதைவிட நல்ல ஊர் எது?

போய் இறங்குதல்

ஜீப்பைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள். செயல்விளக்கத் திடலுக்கான வயலையும் சாலையோரமாகவே பிடித்துவிடுங்கள். பலகை நட வசதி. மேலதிகாரி வந்தால் செருப்பில் சேறு ஒட்டாது. சாலையோர வயலுக்கு மடை பக்கத்திலேயே இருக்கும், வடிகாலும் இருக்கும், ராத்திரி பெய்த மழை விடிவதற்குள் வடிந்துவிடும். உடையவரும் உங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கும் வசதியோடு இருப்பார். அங்கே விளைந்ததை அந்த ரகத்தின் மகசூல் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாலு வரப்பு தாண்டி, அடுத்தவன் வயல் வழியாகத் தண்ணீர் வாங்கி, அடுத்தவன் வயல் வழியாகவே வடிக்க வேண்டிய பள்ளக்கால் நிலத்தில் அதே விதை என்ன ஆனது என்ற கேள்வி எழலாம். அதை எழவிடாதீர்கள். சராசரி கெட்டுவிடும்.

விவசாயிகள் கூட்டத்தைப் புரட்டாசியிலோ ஐப்பசியிலோ, காலை பதினொரு மணிக்கு, கல்யாண மண்டபத்தில் வையுங்கள். சம்பா நடவு மும்முரமாக நடக்கும் நேரம் அது. விஷயம் தெரிந்தவர்கள் முழங்கால் சேற்றில் நிற்பார்கள். மண்டபத்துக்கு வருகிறவர்கள் வயலை ஆளிடம் விட்டுவிட்டு வருகிறவர்கள். மானியம் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு சங்கடமான கேள்வி எதுவும் கேட்கமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்ததும் அறிவு பரவியதாகக் கொள்ளலாம்.

கருத்துக் கேட்டே தீர வேண்டும் என்று திட்ட விதி இருந்தால், பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கேளுங்கள். சிதம்பரத்தில் மாடி வீட்டில் இருப்பார், காபி நன்றாக இருக்கும். குத்தகைக்காரரைத் தேடிப் போக வேண்டாம். அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, நீங்கள் தேடிப் போனதாகவும் நிரூபிக்க முடியாது. காலனித் தெருப் பக்கம் போகவே வேண்டாம். இந்த ஒன்றியத்தில் நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது பெரும்பாலும் அந்தத் தெருப் பெண்கள்தான். புகையான் பூச்சி தூரடியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பச்சையாகவே தெரியும். வயல் வட்டம் வட்டமாகக் கருகிய பிறகுதான் வரப்பில் நிற்பவருக்கு விஷயம் எட்டும். குனிந்தவருக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனால் குனிந்து வேலை செய்பவரிடம் கேட்கச் சொல்லி எந்தக் கேள்வித்தாளும் இல்லை. கேட்டால் வேறு வம்பு: கூலி, கூலியாட்கள் பற்றாக்குறை, நடவு மிஷின் என்று பேச்சு போய்விடும். அதெல்லாம் சமூகவியல். நீங்கள் பூச்சியியல்.

பெயரை உதிர்த்தல்

இது நுட்பமான கட்டம். ஊரார் அறிவை எடுப்பது எளிது. அதிலிருந்து ஊராரை நீக்குவதுதான் கலை. இதற்கு மிகச் சிறந்த பாடம் வெள்ளம் தாங்கும் நெல்.

ஒடிசாவின் தாழ்ந்த நிலங்களில் தால்புட்டியா என்றொரு நாட்டு நெல். தண்ணீரில் முழுசாக மூழ்கினாலும் ஒரு வாரம், பத்து நாள் கழித்து வடியும்போது உயிரோடு எழுந்து நிற்கும். எத்தனை தலைமுறை அதைப் பார்த்துப் பார்த்து விதைக்கு ஒதுக்கியதோ, யாருக்கும் தெரியாது. அதிலிருந்து தனிச்செடித் தேர்வு செய்து எடுத்த ரகத்துக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர் வைத்தார்கள். தால்புட்டியா என்ற பெயரைச் சொல்லும்போது ஓர் ஊர் கண்ணில் வரும், ஒரு கிழவி வருவாள், எஃப்.ஆர். 13ஏ என்றால் ஓர் அலமாரிதான் வரும். முதல் உதிர்ப்பு அங்கேயே நடந்துவிட்டது. பிறகு அந்த நெல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. 1996-இல் விஞ்ஞானிகள் கெனாங் ஷுவும் டேவிட் மக்கிலும் வெள்ளம் தாங்கும் குணம் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். 2006-இல் அவர்களும் பமீலா ரொனால்டின் குழுவும் சேர்ந்து அந்த மரபணுவை அடையாளம் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சப்-1ஏ. 2009-இல் சுவர்ணா சப்-1 இந்தியாவில் வெளியானது. நம் டெல்டாவில் பொன்மணி என்று வழங்கும் சி.ஆர். 1009-க்கும் அதே குணத்தை ஏற்றி, சி.ஆர். 1009 சப்-1 என்று விதை வந்தது.

இதில் பகடிக்கு இடமில்லாத ஒரு விஷயம் உண்டு. கையேட்டை ஒரு நிமிடம் ஓரமாக வைக்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பு அழகானது. சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சு வாங்கப் பதறி மேலே மேலே நீளும். இருந்த சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழுந்துவிடும். சப்-1ஏ உள்ள பயிர் நீளாமல் அடங்கிக் கிடக்கும். சேமித்த மாவுச்சத்தைத் தொடாமல் வைத்திருந்து, வெயில் பட்டதும் மறுபடி தளிர்க்கும். இரண்டு வாரம்வரை தாங்கும். இதை ஒடிசா விவசாயி தன் கண்ணால் பார்த்துத்தான் விதையைக் காப்பாற்றினார்; ஏன் அப்படி என்பதை ஆய்வகம்தான் சொன்னது. பார்த்தவர் இல்லாமல் ஆய்வகத்துக்கு வேலையில்லை. ஆய்வகம் இல்லாமல் அந்தக் குணம் பொன்மணிக்கு வந்திருக்காது. ஒரே கயிற்றை இரண்டு பேர் திரித்திருக்கிறார்கள். கட்டுரையில் ஒருவருக்குத்தான் பெயர்.

சரி, கையேட்டுக்குத் திரும்புவோம். 1960களின் கடைசியில் வட ஆற்காட்டு விவசாயி ஒருவர் ஐ.ஆர். 8 நெல் கொடுத்த விளைச்சலில் மகிழ்ந்து, பிறந்த மகனுக்கு ‘ஐஆர்எட்டு’ என்றே பெயர் வைத்தார். ஆராய்ச்சியை மக்கள் இந்த அளவு கொண்டாடுவார்கள். மகனுக்குத் தால்புட்டியா என்று பெயர் வைத்த விஞ்ஞானியை நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் வைக்க வேண்டியதில்லை.

ஒரு கெட்ட முன்னுதாரணத்தையும் சொல்லி எச்சரிக்க வேண்டும். குமராட்சி வயல்களுக்குத் தண்ணீர் வருவது அணைக்கரையில் கொள்ளிடத்தை மறித்துக் கட்டிய கீழணையிலிருந்து; வீராணத்துக்கு வடவாறு, இந்தப் பக்கத்துக்கு வடக்கு ராஜன் வாய்க்கால். கீழணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். அடி தெரியாத ஆற்றுமணலில் கட்டடத்துக்கு அஸ்திவாரம் நிறுத்துவது எப்படி என்பதைக் கல்லணை கட்டிய பழைய ஆட்களின் வேலையைப் பார்த்துத்தான் கற்றோம் என்றும், பிறகு தாங்கள் கட்டிய அணைகளும் பாலங்களும் அந்தப் பாடத்தை வைத்தே எழுந்தன என்றும் அந்த மனிதர் வெளிப்படையாக எழுதியே வைத்துவிட்டார். சர் பட்டம் வாங்கிய பிரிட்டிஷ் ராணுவ எஞ்சினியர் செய்கிற காரியமா இது? நல்ல வேளையாக, அவர் வழி வந்தவர்கள் பலர் இந்தப் பழக்கத்தைப் பின்பற்றவில்லை.

எண்ணைக் கையாளுதல்

கருவி காட்டும் எண்ணுக்கு முன்னால் ஊரார் வாயடைத்துப் போக வேண்டும். டிபிசிக்குப் போய்ப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று பலகையில் இருக்கும், ஊரில் டிபிசிதான். நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு விவசாயி நிற்பார். நாலு மணியை எடுத்துக் கடித்து, ‘டொக்’ என்று உடைவதை வைத்துக் காய்ச்சலைச் சொல்லிவிடுவார். அது செல்லாது. ஈரப்பத மானி 17 காட்டினால் நெல். 18 காட்டினால் காயப்போடு.

இதுவரை இயற்பியல். இனிமேல்தான் உங்கள் பாடம். சம்பா அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசு தில்லிக்கு எழுதும்: 22 சதவீதம்வரை வாங்க அனுமதி வேண்டும். தில்லியிலிருந்து ஒரு குழு வரும். களத்தில் மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும், கோப்பு நகரும். 19, 20 என்று ஓர் எண் ஆணையாக வந்து சேரும். 17-க்கும் 22-க்கும் நடுவில் எந்த எண் அறிவியல் எண், எது பேரம் பேசிய எண் என்று யாராவது கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எண்ணில் நியாயம் உண்டு: ஈர நெல் கிட்டங்கியில் கெடும், அரிசி உடையும், நுகர்வோர் தலையில் விழும். ஆனால் எந்த அளவு நஷ்டத்தை யார் தாங்குவது என்பதை மானி சொல்லாது. அதைச் சொல்வது ஆட்கள்தான். பழி மட்டும் மானிக்கு. குழு வந்து போகும் இடைவெளியில் களத்து நெல் முளைவிட்டிருக்கும், அதற்கு மானி தேவைப்படாது.

பழியைப் போடுதல்

இது மூத்த நிபுணர்களுக்கு. இங்கிருந்து சிதம்பரம் தாண்டிக் கிழக்கே போனால் பிச்சாவரம், சுரபுன்னைக் காடு. அந்தக் காட்டின் நடுவே பெரிய பெரிய பரப்புகள் மொட்டையாகிக் கிடந்தன. யார் காரணம்? எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது: விறகு வெட்டும் ஜனங்கள், ஆடு மாடு மேய்க்கும் ஜனங்கள். விசாரிக்க வேண்டிய அவசியமே எழவில்லை, ஏனென்றால் குற்றவாளி அறிக்கை படிக்கத் தெரியாதவராக இருந்தார்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே போய் மண்ணைத் தோண்டினார்கள். செல்வம் என்ற விஞ்ஞானி முன்னின்று நடத்திய வேலை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள்வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து, மொத்தமாக வெட்டி விற்றது வனத்துறையேதான்; வனவியல் புத்தகத்தில் இருந்த முறை. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகி மண் அமுங்கி, தொட்டி போலப் பள்ளம் விழுந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் அந்தத் தொட்டியில் தேங்கி, காய்ந்து, உப்பாகியது. உப்பில் விதை முளைக்கவில்லை. ஆடு பாவம், தின்ன ஒன்றுமே இல்லாத இடத்தில் அதன் பேரில் வழக்கு. மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழி செய்து வெண்கண்டல் நட்டதும் காடு திரும்பியது. அந்த வேலையில் கிள்ளைப் பக்கத்து மீனவரும் இருளரும் இருந்தார்கள். 1986-க்கும் 2002-க்கும் இடையில் காட்டுப் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியதைச் செயற்கைக்கோள் படம் காட்டியது.

இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது: மண்ணைத் தோண்டாதீர்கள். தோண்டினால் அலுவலகம் வரை போகும்.

வெளிநாட்டுப் பயிற்சிக்கு வாய்ப்பு கிடைத்தால் இங்கிலாந்தின் கம்பிரியாவைக் கேளுங்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே மாத மழை அதன் சீசியத்தை அந்த மலைப் புல்லில் இறக்கியது. ஜூனில் ஆடு விற்கத் தடை. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். களிமண்ணில் சீசியம் எப்படிச் சிக்கிக்கொள்ளும் என்ற கணக்கை வைத்துச் சொன்னது. அந்த மலையிலோ புளித்த, கரி கலந்த சதுப்பு மண். அதில் சீசியம் சிக்காமல் புல்லுக்கும் ஆட்டுக்கும் திரும்பத் திரும்ப ஏறியது. பரிசோதனைக்காக ஆடுகளைப் பட்டியில் அடைத்தார்கள். மலையில் மேய்ந்த ஆடு பட்டியில் மெலிந்து போகும், கணக்கு நிற்காது என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தப் பரிசோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. பிரையன் வின் என்ற சமூகவியலாளர் போய் ஆட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டுத்தான் இதெல்லாம் வெளியே தெரிந்தது. கடைசித் தடை நீங்கியது 2012-இல். மூன்று வாரம் என்று சொன்ன நம்பிக்கைதான் நமக்கு வேண்டியது. அந்தத் தொனியைக் கண்ணாடி முன் நின்று பழகுங்கள்.

கட்டுரை எழுதுதல்

அட்டவணையை மட்டும் அச்சிடாதீர்கள். இதில் நம் மாவட்டத்திலேயே இருவர் கெட்டுப்போன கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையில் 18 குப்பங்களில் கணக்கெடுத்தார்கள். சாவு எத்தனை, கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு காடு. அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என்று 2005-இல் எழுதினார்கள். அதே ஆண்டு இதே கடலூர்க் கரையை வைத்து ‘சயன்ஸ்’ இதழிலும் அப்படியொரு கட்டுரை வந்தது. உலகமே மரம் நடக் கிளம்பியது. தமிழ்நாட்டுக் கரையில் சவுக்குக் கன்றுகள் வரிசை வரிசையாக இறங்கின.

அடுத்த ஆண்டே கெர், பேர்டு, கேம்பல் என்ற மூவர், பரங்கிப்பேட்டைக்காரர்கள் அச்சிட்ட அதே அட்டவணையை எடுத்து வேறு கணக்குப் போட்டார்கள். தூரமும் மேடும்தான் சாவைக் கிட்டத்தட்ட முழுசாக விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு மிகச் சொற்பம் என்றார்கள். காடு வளர்வதே கொஞ்சம் உள்ளொதுங்கிய இடத்தில்தானே? அதற்கும் பதில் வந்தது, வேறொரு கணக்கு முறையோடு, காட்டுக்கு ஆதரவாக. எல்லாம் பரங்கிப்பேட்டைக்காரர்கள் எழுதிய அதே ஆய்விதழில், பெயர் போட்டு, எதிரும் புதிருமாக.

எனக்கு இந்தச் சண்டை ரொம்பப் பிடித்திருக்கிறது. கையேடு எழுதுகிறவன் சொல்லக் கூடாதுதான். யாரும் யாருடைய ஜாதகத்தையும் பார்க்கவில்லை. பரங்கிப்பேட்டைக்காரர்கள் அட்டவணையை மறைக்கவில்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1942-இல் அறிவியலுக்கு இருக்க வேண்டிய ஒழுக்கங்கள் என்று பட்டியல் போட்டபோது மனதில் வைத்திருந்தது இதைத்தான்: அறிவு பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், சொல்கிறவர் யாரென்று பாராமல் சொன்னதைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். அலை வந்தபோது அந்த 18 குப்பங்களில் இருந்தவர்கள், எது தடுத்தது, எது தடுக்கவில்லை என்று கண்ணால் பார்த்தவர்கள், அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசவில்லை. அவர்களுக்குச் சந்தா இல்லை. சவுக்கு நட்ட இடம் அவர்கள் படகு ஏற்றும் இடமா என்பதும் அட்டவணையில் ஒரு பத்தி ஆகவில்லை.

கேள்வி நேரம்

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள். மண்டபத்தில் வெள்ளம் தாங்கும் நெல்லின் படத்தைத் திரையில் போட்டு முடித்திருப்பீர்கள். நடவு அன்றைக்கு இல்லாமல் போய், பின் வரிசையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி எழுந்து கேட்பாள்:

“ஏன் சார், நாத்துல முங்குனா தாங்கும்ங்கறீங்க. பொதி கட்டுன பொறவு முங்குனா?”

“நல்ல கேள்விம்மா.”

“இல்ல சார், புரெவிப் புயலப்ப மார்கழிக்கு முன்னாடியே வந்துச்சு. பயிரு பொதியும் கதிருமா நின்னுச்சு. அதான் கேக்கறன்.”

அவள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். 2020 டிசம்பர் 4-ஆம் தேதிக் கணக்குக்குச் சிதம்பரத்தில் 34 செ.மீ. மழை பதிவானது, நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர். இந்தப் பக்கச் சம்பா அந்தச் சமயத்தில் வளர்ச்சிப் பருவம் தாண்டியிருக்கும். சப்-1ஏ நாற்றுக்கும் தூர் கட்டும் பயிருக்கும்தான் கவசம். கதிர் வரும் நேரத்தில் மூழ்கினால் அது காப்பாற்றாது. வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் கொள்ளிடக்கரைக்கு வரும்.

பதற வேண்டாம். டீ வந்துவிட்டது என்று சைகை காட்டுங்கள். அவள் கேட்டதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குத் திரும்பியதும், அடுத்த திட்டத்துக்கான விண்ணப்பத்தில் ‘ஆராய்ச்சி இடைவெளி’ என்ற தலைப்பின் கீழ் அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதுங்கள்: பூக்கும் பருவத்தில் வெள்ளம் தாங்கும் திறன், கடைமடைப் பகுதி, மூன்றாண்டு ஆய்வு. ‘கள ஆய்வின்போது கண்டறியப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் முடியுங்கள். யார் கண்டறிந்தது என்று எழுத வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.